பன்னிரண்டு நிமிட மாங்காய்

"லாப பஞ்சமிப் பட்டியலக் காட்டுங்க சேட்."

சூரத்தில் எந்தப் பட்டறையிலும் யாரும் இப்படிக் கேட்பதில்லை. தீபாவளிக்கு மூடியது ஐந்தாம் நாள், லாப பஞ்சமியன்று திறக்கும். அதற்கு முதல் நாள் யாருக்குப் போன் வருகிறதோ அவருக்கு வேலை உண்டு. வராதவர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். தறி ஓட்டும் என் அப்பா, நான் இந்தப் புடவை டிசைன் பட்டறையில் சேர்ந்த அன்று ஒரே ஒரு புத்திதான் சொன்னார்: பட்டியலை மட்டும் கேட்காதே.

முதலாளி பிபின்பாய் டீயைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினார். "எதுக்கு பினல்பென் பயம்? உன் பேருதான் மொதல்ல இருக்கு. இனிமே டிசைன் ரூமே உன் கையில."

"ரமீலாபென் பேரு?"

"நீ எழுதிக் குடுத்த பேப்பர்ல அவளுக்கு இடமே இல்லையேம்மா."

அந்தப் பேப்பரை நான்தான் எழுதினேன். டிசைன் ரூமில் ரமீலாபென், சவிதா, குசும் மூவரும் செய்வதுபோல் பேனாவால் திரையில் வரைவதா, படத்தைக் காட்டினால் தானே கோடாக மாற்றித் தரும் புது மென்பொருளை வாங்குவதா, ஒப்பிட்டுச் சொல் என்றார் சேட். ஒரு மாங்காய் பார்டர், ஆறு நிறம். ரமீலாபென் வரைய ஒன்றரை நாள் ஆனது. மென்பொருளுக்குப் பன்னிரண்டு நிமிடம். 'தரம்: இரண்டும் சமம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சமம் இல்லை. மென்பொருள் ஒவ்வொரு நிறத்தையும் அடுத்த நிறத்தின் ஓரத்தோடு கச்சிதமாக வெட்டி நிறுத்தியது. திரையில் அழகு. துணி அச்சுமேசையில் ஒரு நூல் நகர்ந்தால் போதும், இலைக்கும் காம்புக்கும் நடுவில் வெள்ளைக் கீறல் விழும். ரமீலாபென் ஏழாவது வரைதான் படித்தவர். ஆனால் ஒரு நிறத்தை அடுத்த நிறத்துக்கு அடியில் கொஞ்சம் நுழைத்துத்தான் வரைவார். ஒரு கோட்டை வளைத்துப் பிடிக்க நாலே புள்ளி வைப்பார். மென்பொருள் நானூறு வைத்தது. நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், நாலேகால் மணி நேரம் புள்ளி புள்ளியாக அழித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தேன். அந்த நாலேகால் மணி நேரத்தைப் பேப்பரில் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அது எதற்காவது உதவியது என்று காட்ட வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் லாப பஞ்சமி. அன்று காலையில் ரமீலாபென் என்னைப் போனில் கூப்பிட்டார். "ஏய் டிகிரி! சேட்டு என் நம்பரத் தொலைச்சுட்டாரா? நேத்துலேருந்து போன மடியிலயே வெச்சிருக்கேன். குளிக்கப் போனாக்கூட பொண்ணு கையில குடுத்துட்டுத்தான் போறேன். என் வீட்டுக்காரரு கேக்குறாரு, யாருடி அந்தக் காதலன்னு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் துப்ப முடியவில்லை.

"சேட், பேப்பர்ல நான் எழுதினது பொய்யி," என்றேன். "பன்னெண்டு நிமிஷம் இல்ல. பின்னால நாலேகால் மணி நேரம் நான் கையால சரி பண்ணேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தட்டைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"முப்பது வருஷமா துணி பாக்குறேன். மிஷின் போட்ட ஓரம் எனக்குத் தெரியாதா? யாரோ உக்காந்து இழுத்திருக்கான்னு சாம்பிள் துணியத் தடவுனப்பவே தெரிஞ்சுது. ஒன்றரை நாள் வேலைய நாலு மணி நேரத்துல முடிக்கிற. மூணு பொம்பளைங்களுக்குப் பதிலா ஒருத்தி. எனக்கென்ன கசக்குதா?"

"அப்ப அவங்ககிட்ட, மிஷின் வந்துடுச்சுன்னு..."

"நான் எங்க சொல்லப் போறேன்? போன் வராது, அவ்வளவுதான். கல்யாண சீசனுக்கு நாப்பது டிசைன் குடுக்கணும். போயி ஆரம்பி."

மென்பொருள் அவர்களை வெளியே தள்ளியது என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் மேல் பழி போட வசதியாக இருந்தது. அது தன் பன்னிரண்டு நிமிட வேலையைத்தான் செய்தது. மிச்சம் முழுக்க நான்.

கல்லாப்பெட்டி மேல் பட்டியல் கிடந்தது. எடுத்தேன். முதலில் என் பெயர். அவர் பேனாவையே எடுத்து அதை அடித்தேன். கீழே மூன்று பேரையும் எழுதினேன்: ரமீலா, சவிதா, குசும்.

"பைத்தியமா உனக்கு? நீ இல்லாம அந்த மிஷின் ஓரத்த எவ இழுப்பா?"

"யாரும் இழுக்க முடியாது சேட். அதனாலதான் அடிச்சேன். நாப்பது டிசைன் வேணும்னா இவங்க மூணு பேர்கிட்டதான் வரணும்."

"வேற டிகிரி கிடைக்காதா ஊர்ல?"

"கிடைக்கும். சீசனுக்குள்ள கிடைக்காது."

அவர் எழுந்தார். அடுத்த சீசனில் வேறொருத்தியைப் பிடித்துவிடுவார், தெரியும். நான் இவர்களுக்கு ஒரு சீசன்தான் திருப்பித் தருகிறேன். எடுத்ததோ அதைவிட அதிகம். வாசல் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற? நில்லு பேட்டா, பேசிக்கலாம்."

"உத்னாவுக்கு. ரமீலாபென் வீட்டுக்கு. நீங்க போன் பண்றதுக்கு முன்னால என் வாயால சொல்லணும்."

"சொன்னா செருப்பால அடிப்பா!"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.