ஒப்பீட்டு வீடு

பதினேழாம் எண் வீட்டுக் கண்டக்டரம்மா பதினோரு வருடங்கள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தார். அந்தத் தெருவில் யாரும் இதை மறைத்ததில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதைப் போலத்தான் வெளியாட்களிடம் சொல்வார்கள்.

காரணம் பல்கலைக்கழகம். ரயில் பாதைக்குக் கீழே பள்ளத்தில் இருந்த அந்த முப்பத்து நான்கு வீடுகளும் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நின்றன. சுவர்கள் இடுப்பு உயரம் வரை ஈரம் குடித்திருந்தன. நகராட்சி இடித்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்த சமயத்தில் கட்டடவியல் துறையினர் வந்தார்கள். இடிக்காமலே தெருவைத் தேற்றிக் காட்டுகிறோம், அதையே ஆய்வாகவும் செய்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். மாறியது எவ்வளவு என்று தெரிய மாறாத ஒன்று வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆகவே ஒரு வீட்டை மட்டும் தொடாமல் விடவேண்டியிருந்தது. குலுக்கலில் பதினேழு விழுந்தது. படிவத்தோடு வந்தவள் இருபத்திரண்டு வயது ஆராய்ச்சி மாணவி. தெருவில் அவளைச் சர்வேப் பெண் என்றார்கள். பிரசவ விடுப்பில் இருந்த கண்டக்டரம்மாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் கணவர், அன்று காலைதான் லேத் பட்டறையில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு வந்தவர், நிதானமாகப் படித்துப் பார்த்தார். ஆய்வு முடியும்வரை இவ்வீட்டிலும் வசிப்போரிடத்தும் எந்த மாற்றமும் நிகழாது என்று இருந்தது. "வசிப்போர்னா யாரும்மா?" என்று கேட்டார். "நீங்க ரெண்டு பேரும்தான் சார். எல்லாப் படிவத்துலயும் இருக்கிறதுதான்" என்றாள் அவள். "ரெண்டரைன்னு எழுதிக்கோ" என்று கண்டக்டரம்மா வயிற்றைத் தட்டிச் சிரித்தார். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

முதலில் தெரிந்தது சுண்ணாம்பில். லேத்காரர் ஞாயிற்றுக்கிழமை அடித்த வெள்ளை திங்கட்கிழமை காலையில் வாளிக்குள் திரும்பியிருந்தது. ஆணி அடித்தால் ஆணி கீழே கிடந்தது, ஓட்டையைக் காணோம். அவர் கட்டைவிரல் காயம் ஆறவில்லை, சீழும் பிடிக்கவில்லை. தினமும் புதுக்காயமாகவே இருந்ததால் தினமும் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். குழந்தை சாயங்காலம் நாலு பத்துக்கு வலப்பக்கம் ஒரு உதை உதைக்கும், அவ்வளவுதான். டாக்டர் மூன்று தடவை ஏழாம் மாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டு ஆனதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பிரசவம் ஆன நாளிலிருந்துதான் மீதி விடுப்பைக் கணக்கிட முடியும் என்பதால் டிப்போவிலும் கையை விரித்தார்கள். இரண்டாம் வருடம் வேறு பேட்டையில் வீடு பார்த்து, வேனில் சாமான்களை ஏற்றி, இருவரும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த டிரைவர் காலி வேனைப் பார்த்து வைதுவிட்டுத் திரும்பினார். அவர்கள் பதினேழாம் எண் வீட்டுக் கூடத்தில், வழக்கமான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற முப்பத்து மூன்று வீடுகளும் தேறின. சுவருக்கடியில் ஈரத்தடுப்பு போட்டார்கள். கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசினார்கள். தெருவோரம் மழைநீரை உறிஞ்சும் பள்ளங்களில் புதர்கள் வளர்ந்தன. மூச்சிரைப்புக்காரர்கள் மாத்திரையைக் குறைத்தார்கள். வெளியூர்களிலிருந்து குழுக்கள் வந்து தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பதினேழின் வாசலில் நிற்கும். "முன்பு இப்படித்தான் இருந்தது" என்று அழைத்து வந்தவர் சொல்வார். அவர்கள் சுவரையும், சுவரோடு சேர்த்துக் கண்டக்டரம்மாவையும் படம் எடுப்பார்கள். ஆய்வை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கலாமா என்று அவர் எதிர்வீட்டுச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். கடைக்காரர் நல்ல மனிதர், மனசு கேட்காமல்தான் சொன்னார்: "நீங்க அப்படியே இல்லேன்னா எங்க வீடு நல்லாயிருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

மூன்று வருட ஆய்வு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது. கண்டக்டரம்மாவின் தங்கை கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்றாள், மூத்தது வந்து பெரியம்மா வயிற்றில் காது வைத்து, "இன்னும் தூங்குதா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போகும். லேத்காரருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் மூக்குக்கண்ணாடி போட்டார்கள், அவருக்கே மேஸ்திரி ஆனார்கள். கண்டக்டரம்மா வாசற்படியில் உட்கார்ந்து, மேட்டுச் சாலையில் போகும் பஸ்களின் சத்தத்தை வைத்தே எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லப் பழகியிருந்தார். அழுவார், ஆனால் கண்ணீர் கன்னத்தைத் தாண்டுவதற்குள் உலர்ந்துவிடும்.

பதினோராம் வருடம் மூன்றாவது நீட்டிப்புப் படிவத்தோடு சர்வேப் பெண் வந்தார். இப்போது அவர் பேராசிரியை, காதோரம் நரைத்திருந்தது. தூரத்து நகரம் ஒன்றில் பெரிய பதவிக்கான நியமனக் கடிதம் அவர் கைப்பையில் இருந்தது. ஈரமானியைச் சுவரில் வைத்தார். வழக்கம் போல எழுபத்தெட்டு.

"அக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்றார்.

"போடலேன்னா?"

"ஒப்பிட வீடு இல்லேன்னு ஆய்வை மூடிடுவாங்க. ரயில் பாதைக்கு அடியில வர்ற கால்வாய் வேலையும் நின்னுடும். கீழ்க்கோடி எட்டு வீட்டுலயும் மறுபடி தண்ணி ஏறும்."

கண்டக்டரம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் எழுதவில்லை. "உனக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்திமூணுக்கா."

"எனக்கு இருபத்தொம்பது. இப்ப நீதான்டி எனக்கு அக்கா. கூடப்பிறந்தவளா நெனச்சுச் சொல்லு. போடட்டுமா, வேணாமா?"

சமையலறையில் லேத்காரர் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பேராசிரியை ஈரமானியைச் சுவரிலிருந்து எடுத்துப் பையில் வைத்தார். பிறகு பேனாவை வாங்கி, பதினேழு என்பதை அடித்துவிட்டு, பல்கலைக்கழகக் குடியிருப்பில் தன் வீட்டு எண்ணை எழுதினார். அதுவும் அதே வருடம், அதே செங்கல்லில் கட்டப்பட்ட வீடுதான். அதே அளவு ஈரம். வசிப்போர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். "வேணாம்" என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அன்று நாலு பத்துக்குக் குழந்தை உதைக்கவில்லை. கண்டக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலேகாலுக்கு இடப்பக்கம் உதைத்தது. அவர் போட்ட கூச்சலில் சைக்கிள் கடைக்காரர் பம்ப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். லேத்காரரின் கட்டைவிரல் ஒரே வாரத்தில் ஆறி, நமைச்சல் எடுத்தது. அறுபத்து மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. எடை மூன்று கிலோ, விசேஷமாக ஒன்றுமில்லை. அடுத்த மழைக்குள் கால்வாய் வேலை முடிந்தது. தெருவில் யார் வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை.

பேராசிரியை பெரிய பதவிக்குப் போகவில்லை. இரண்டு முறை ரயில் ஏறினார். இரண்டு முறையும் தன் வீட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறை டிக்கெட் எடுக்கவில்லை. வகுப்பு எடுத்தார், தன் வீட்டுச் சுவரைத் தானே அளந்தார். ஒவ்வொரு ஆண்டும் அறிக்கை எழுதினார். ஆய்வு நீண்டுகொண்டே போனது. மற்ற ஊர்களிலும் தெருக்கள் தேறின. அவரிடம் படித்தவர்கள் துறைத்தலைவர்கள் ஆகி ஓய்வும் பெற்றார்கள். நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் ஒருவர் ஊழியர் பட்டியலைச் சரிபார்க்கையில், பேராசிரியையின் பெயருக்கு நேரே ஓய்வுபெறும் நாள் காலியாக இருப்பதைக் கண்டு பக்கத்து மேசையில் கேட்டார்.

"அவங்க இருப்பாங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். எழுத்தர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.