சுமாரா எத்தனை சதவீதம் சம்மதம்?

இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால், அடுத்து நான் ஏறும் லிஃப்ட் நடுவழியில் நின்று, விளக்கும் அணைந்து போகட்டும். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனிக் கதைக்கு இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

அந்தக் கம்பெனியில் நாற்பது வயது மெக்கானிக் ஒருவன் இருந்தான். பட்டப்பெயர் சுமார். "சுமாரா எவ்வளவு?" என்று கேட்காமல் எதிலும் கை வைக்க மாட்டான். ஒரு முறை ஆறாவது மாடி உயரத்தில், அறுந்துகொண்டிருந்த கம்பியில் தொங்கியபடியே, இது தாங்க எவ்வளவு வாய்ப்பு என்று யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் கம்பியே சலித்துப்போய் அறுவதை நிறுத்திவிட்டது.

இப்படிப்பட்டவனுக்கு ஏற்ற மேனேஜரும் வாய்த்தார். எங்கோ பயிற்சிக்குப் போனவர் சதவீத நோயோடு திரும்பினார். தினமும் காலையில் பலகையில் ஒரு கேள்வி எழுதுவார். எல்லோரும் சீட்டில் ஒரு சதவீதம் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். சராசரி ஐம்பதைத் தாண்டினால் நடக்கும் என்று பொருள். சீட்டுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் கேள்வியே செல்லாது.

ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு இந்த வாரம் சிக்குமா? எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்தைந்து. புது ஓட்டல் லிஃப்ட் நடுவில் நிற்குமா? ஏழு பேரும் ஆளுக்கு இரண்டு. மூன்று என்று எழுதக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை. அந்தப் பெருமையில் மேனேஜர் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்க முயன்று, தோள் பிசகி ஒரு வாரம் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

சுமாருக்கு வேறு கவலை. புகார் போன் எடுக்கும் பெண்ணுக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்திருந்தது. நாளையோடு இங்கே அவளுக்கு வேலை முடிகிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் அவள் ஒரே நிதானத்தில் பேசுவாள்: "பயப்படாதீங்க. எந்த மாடி? கூட யாரு இருக்காங்க? இதோ, ஆள் வர்றாங்க." அந்தக் குரலுக்காகவே மாதம் ஒரு முறை வேண்டுமென்றே மாட்டிக்கொள்ளும் கிழவர் ஒருவர் இருந்தார். அனுப்பப்படும் ஆள் எப்போதும் சுமார்தான். கட்டினால் இவளைத்தான் என்று அவன் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது. கேட்பதுதான் பாக்கி. சதவீதம் தெரியாமல் எப்படிக் கேட்பது?

மேனேஜரின் காதில் போய் ஓதினான். பெயர் போடாமல் பலகையில் கேள்வி ஏறியது: 'நம்மில் ஒருவர் நம்மில் ஒருவரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால் சம்மதம் கிடைக்குமா?' கம்பெனியில் கல்யாணம் ஆகாதவர்கள் மொத்தமே இரண்டு பேர். ரகசியம் அவ்வளவு பத்திரமாகக் காக்கப்பட்டது.

டின்னைக் கவிழ்த்தார்கள். புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லாத கணக்கம்மா மூன்று. போன மாதம் கல்யாணமான ஸ்டோர்காரர் தொண்ணூற்றெட்டு. மகளுக்கு மூன்று மாப்பிள்ளைகளைப் பார்த்தும் ஒன்றும் அமையாத டிரைவர் நாற்பது. வாட்ச்மேன் நூற்றுப்பத்து. மேனேஜர் வழக்கம்போல ஐம்பது. சுமாரின் சீட்டு அடித்து அடித்து எழுதியதில் ஓட்டையாகியிருந்தது.

"என்னய்யா இது! லிஃப்டுன்னா ஒத்துமையா எழுதுறீங்க. இதுக்கு மூணுலேர்ந்து நூத்திப்பத்து வரைக்குமா? வாட்ச்மேன், நூறுக்கு மேல சதவீதமே கிடையாதுய்யா!"

"நல்ல காரியத்துக்குப் போய் யாராவது கொறச்சு எழுதுவாங்களா சார்?" என்றார் வாட்ச்மேன்.

"அதை விடுங்க. நீங்க எழுதின அம்பதுக்கு என்ன அர்த்தம்? தெரியலன்னுதானே?" என்றாள் கணக்கம்மா.

"அது நடுநிலைம்மா!"

"வீட்ல அக்கா எது கேட்டாலும் இதைத்தான் சொல்றீங்களாமே."

மேனேஜர் விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். அப்போதுதான் போன் எடுக்கும் பெண் வாயைத் திறந்தாள்.

"சார், ஆஸ்பத்திரிக் கதவை நாம எல்லாருமே ஒரு தடவையாவது உள்ள நின்னு தட்டியிருக்கோம். அதைப் பாத்து எழுதினாங்க. இதுக்குப் பாக்க ஒண்ணும் இல்ல. அதான், அவங்கவங்க வீட்டைப் பாத்து எழுதிட்டாங்க."

"அப்ப புது ஓட்டல் லிஃப்ட்? அதைத்தான் யாரும் தட்டலையே, எல்லாரும் ரெண்டுன்னாங்களே?"

"அது எல்லாரும் ஒரே விளம்பரத்தைப் பாத்து எழுதினது சார்."

மேனேஜர் டின்னை உதறிப் பார்த்தார். "உன் சீட்டு எங்கம்மா?"

"போடல சார். பதில் தெரிஞ்சவ எதுக்குச் சதவீதம் எழுதணும்?"

சுமார் டின்னை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "சுமாரா..." என்று இழுத்தான்.

"சுமாரால்லாம் சொல்ல முடியாது. கேக்க வேண்டியவங்க கேட்டா முழுசா சொல்லுவேன்."

'செல்லாது' என்று மேனேஜர் பலகையை அழித்துவிட்டார்.

மறுநாள், அவளுடைய கடைசி நாள், சுமார் புது ஓட்டல் லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அது ஏறியது. ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் நின்றது. அபாய போனை எடுத்தான்.

"பயப்படாதீங்க. எந்த மாடி?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல."

"கூட யாரு இருக்காங்க?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல. அதைப் பத்தித்தான்... நீங்க என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு ஒரு சதவீதமும் தோன்றவில்லை.

"இதோ, ஆள் வர்றாங்க," என்றாள்.

"எப்பவும் வர்ற ஆளு நான்தானே? நான் இங்கல்ல இருக்கேன். இப்ப யாரு வர்றா?"

"நான்தான். கதவுச் சாவியை எப்படித் திருப்பணும்னு இத்தனை வருஷமா நீங்க சொல்லிக் கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

வந்தாள். திறந்தாள். லிஃப்ட் நின்ற செய்தி கேட்ட மேனேஜர், "ரெண்டு சதவீதம்னு சொன்னோம்ல? அந்த ரெண்டுதான் இது!" என்று இன்னொரு தோளையும் பிசக வைத்துக்கொண்டார். கல்யாணம் அந்த லிஃப்டுக்குள்ளேயே நடந்தது. எட்டுப் பேருக்கு மேல் தாங்காது என்பதால் மணமக்களைச் சேர்த்து எட்டுப் பேர்தான். ஒன்பதாவதாக மேனேஜர் காலை வைத்ததும் அடித்த எச்சரிக்கை மணியையே மங்கள வாத்தியமாக வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் இன்றுவரை ஒரு லிஃப்ட்கூடக் கிடையாது.