வாடை இல்லாத ஆசிட்

ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டினவன் நான். எங்களுக்கு ஆசிட் என்றால் ஒரே ஆசிட்தான், பாலை உறைய வைக்க ஊற்றுகிறது. மூடியைத் திறந்தாலே மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஏறும், கண் கலங்கிவிடும். வாடை போய்விட்டால் ஆசிட் செத்துப்போச்சு என்று அர்த்தம். தூரக் கவிழ்த்துவிட்டுப் புதுசு வாங்குவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது கிடையாது, மூக்குக்கே தெரியும்.

முழங்கால் முட்டு தேய்ந்து, மரத்துக்கு மரம் குனிய முடியாமல் ஆனபோது, எங்கள் தெருக்காரி பேபிதான் அவள் வேலை பார்க்கிற லேபில் என்னைச் சேர்த்துவிட்டாள். குலசேகரம் ரோட்டில் ரப்பரின் தரத்தைச் சோதித்துச் சொல்லுகிற சின்ன லேப் அது. பேபி டெக்னீஷியன். நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். எங்கள் ரெண்டு பேருக்கும் மேலே அஜிதா மேடம்.

"ஓய் அண்ணாச்சி, கண்ணுக்குக் கண்ணாடியப் போடும்" என்பாள் பேபி, நான் தொட்டிப் பக்கம் போனாலே.

"இதப் போட்டா மூக்கு வேர்க்குது பிள்ளே."

"வேர்க்கட்டும். மூக்கு வேர்த்து செத்தவன் இந்த ஜில்லாவுல எவனும் இல்ல."

அவளுக்குப் பயந்துதான் போடுவேன். வியாழக்கிழமையும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் மேசையில் ஒரு பீக்கர் இருந்தது. அடியில் ரெண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் மாதிரி என்னவோ. பேபியைக் காணோம். வராந்தாவில் அவள் போன் பேசுகிற சத்தம் கேட்டது. நான் பீக்கரை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. சரி, செத்த சரக்கு, கழுவ வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் குழாயைத் திறந்து அடியில் பிடித்தேன்.

பீக்கர் சீறிக்கொண்டு வந்தது. கை பொறுக்காத சூடு. விட்டுவிட்டேன். என் கண்ணாடியில் நாலைந்து துளி, மீதி முழங்கையிலும் சட்டையிலும். சட்டை கண் முன்னாலேயே கறுத்து ஓட்டையானது.

பேபி ஓடி வந்தாள். என் சட்டையைக் கிழித்து எறிந்தாள், பக்கத்துத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைக் குழாய்க்கு அடியில் நீட்டிப் பிடித்தாள். இருபது நிமிஷம். நான் இழுக்க இழுக்க விடவில்லை.

"போதும் பிள்ளே, குளிருது."

"நில்லும் ஓய்! கடியாரத்த நான் பாக்கேன், நீரு சொவரப் பாரும்."

அப்புறம் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அந்த இருபது நிமிஷத் தண்ணீர்தான் கையைக் காப்பாற்றியது என்றார் டாக்டர். கண்ணைக் காப்பாற்றியது பேபி போடச் சொன்ன கண்ணாடி.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே பேபி சொன்னாள்: "அது சல்பியூரிக் ஆசிட். அதுக்கு வாடையே கிடையாது. அதுல தண்ணி ஊத்தப்பிடாது." கொஞ்ச தூரம் போய், "பீக்கர் கைதவறி உடைஞ்சுண்ணு நோட்டுல எழுதிரும், என்னா" என்றாள்.

எங்கள் லேபில் ஒரு நோட்டு உண்டு. அஜிதா மேடம் போன வருஷம் வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவரவர்க்கு நடந்த தப்பை அவரவரே எழுத வேண்டும்: என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன நினைத்தேன், இனி என்ன செய்வேன். யாரையும் திட்டுவதற்கில்லை, படிப்பதற்கு என்று மேடம் சொல்லியிருந்தார். யார் நம்புவார்கள்? பக்கம் பக்கமாக 'ஒன்றும் இல்லை' என்றுதான் இருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'ஜன்னல் வழியாகப் பூனை வந்தது' என்று பேபி எழுதியிருந்தாள்.

பேபி ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவள் தற்காலிகம். இந்த மாசக் கடைசியில் நிரந்தர ஆர்டர் வருகிற பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஆசிட் வெளியே இருக்கும்போது ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்பது லேபின் முதல் விதி. அவள் போனது மகளோடு பேச. குவைத்தில் நர்ஸாக இருக்கிற பிள்ளை, டூட்டி முடிந்து அந்த நேரத்தில்தான் கூப்பிடும்.

"சரி" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயசில் எழுத்துப் படித்தவன், ஒரு வரிக்கு எனக்கு நேரம் ஆகும். 'பீக்கர் கை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே பலகையில் மேடம் ஒரு தாள் குத்தியிருந்தார். திங்கள்கிழமை பயிற்சிக்கு வருகிற ஆறு காலேஜ் பிள்ளைகளின் பெயரும் ஊரும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேச்சிப்பாறை. கடையாலுமூடு. களியல். எல்லாம் ரப்பர் ஊர். பால் வெட்டுகிறவன் பிள்ளைகள். என் மூக்குதான் அதுகளுக்கும்.

எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

'மேசையில் பீக்கர் இருந்தது. மோந்து பார்த்தேன். வாடை இல்லை. தோட்டத்தில் வாடை இல்லாத ஆசிட் செத்த ஆசிட். அதனால் தண்ணீர் விட்டேன். வெந்தது. கேட்காமல் எதையும் எடுக்க மாட்டேன். மோந்து பார்க்க மாட்டேன். பாட்டிலிலும் பீக்கரிலும் தமிழில் எழுதி ஒட்டினால் நான் படிப்பேன்.'

பேபி வந்து படித்தாள். முகம் சிவந்துபோனது.

"என் பேர எழுதாம விட்டுட்டீராக்கும்? பெரிய உபகாரம்! பின்ன ஆசிட்ட எடுத்து வச்சது ஆரு, அந்தப் பூனையா?"

"ஏட்டி, அந்தப் பிள்ளையளும் மோந்து பாக்கும்லா?"

"பேசாதியும் என்கிட்ட."

மத்தியானம் மேடம் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். நோட்டு அவர் முன்னால் திறந்திருந்தது.

"ஒரு வருஷமா இதப் படிக்கேன். ஒண்ணுமே நடக்காத லேப்னு எழுதி வச்சிருக்கீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. இன்னைக்குத்தான் படிக்க ஒரு பக்கம் கிடைச்சிருக்கு." பிறகு நிமிர்ந்து, "பீக்கரை வச்சிட்டுப் போனது யாரு?" என்றார்.

நானே எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பேபி சொல்லிவிட்டாள்.

"நான்தான் மேடம். மகள் போன் பண்ணினா. அஞ்சு நிமிஷம்."

மேடம் பேனாவை எடுத்தார். "இத மேலிடத்துக்கு அனுப்பணும் பேபி. மறைக்க மாட்டேன். அவர் கையை நீங்க காப்பாத்தினதையும் சேத்து எழுதுவேன்" என்றார்.

மாசக் கடைசியில் பதில் வந்தது. வேலை போகவில்லை. ஆர்டர் ஆறு மாசம் தள்ளிப்போனது. பேபி தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அதற்குள் அந்தப் பிள்ளைகள் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் நாள் பாதுகாப்புப் பாடத்தை மேடம் பேபியைத்தான் எடுக்கச் சொன்னார். அவள் என்னோடு பேசாமல் இருந்த சமயம் அது. பேபி ஒரு பீக்கரை மேசையில் வைத்து, "இது என்னண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றாள். முன்னால் நின்ற கடையாலுமூட்டுப் பிள்ளை ஆர்த்திகா, ஒரு யோசனையும் இல்லாமல் குனிந்து மூக்கைக் கொண்டுபோனாள்.

"மூக்க எடுட்டி!"

பேபி போட்ட சத்தத்தில் நானே ஒரு அடி பின்னால் போனேன். பீக்கரில் இருந்தது வெறும் தண்ணீர்தான். ஆனால் பேபி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

ஆர்டர் தள்ளிப்போன தாள் வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்தபோது, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருந்த தன் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள். என் கட்டுப் பிரித்த கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"உன் ஆர்டரு என்னாலதான் பிள்ளே..." என்றேன்.

"ஆறு வருஷம் இருந்தாச்சு, ஆறு மாசம் இருக்க மாட்டனா? தின்னும். தோட்டத்துலேந்து வேற என்னவெல்லாம் பழகிட்டு வந்திருக்கீரு? இப்பவே சொல்லிரும்."

யோசித்தேன். "அமோனியா கேன் மூடி இறுகிட்டுண்ணா பல்லால கடிச்சுத் தொறப்போம்."

அவள் கை பாத்திரத்திலேயே நின்றது. "இங்க வந்துமா?"

"ஒரு தடவதான்."

"ஏசுவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"மெதுவாச் சொல்லும். நான் எழுதுகேன்."