செவலையின் நாக்கு

"ஏண்டி சுகிர்தா, ஒங்க மாடு என்ன பிரெஞ்சுக்காரன் வீட்டுல பொறந்துச்சா?"

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் அத்தை இப்படிக் கேட்டபோது நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் எங்களுடையது; நாசூக்கு பார்ப்பவர்களை இப்படித்தான் கேலி செய்வார்கள். கையில் காலி வாளி. எங்கள் செவலைப் பசு அடிபம்புத் தண்ணீரைக் குடிக்காது. இந்த வருஷம் மழையும் இல்லை, வாய்க்காலிலும் தண்ணீர் வரவில்லை. மண்ணுக்கு அடியில் கடல் ஏறிவிட்டது. பம்பை அடித்தால் உப்புதான். நாங்கள் அதில் குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அரிசி களைந்த கழுநீர் என்றால் மட்டும் குடிக்கும். அதற்காகத்தான் வீடு வீடாகப் போகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு மாடுதான் வேலை. வாசலில் நின்று கேட்க வாய் வராது. வாளியின் கைப்பிடியை இரண்டு முறை தட்டுவேன். தெருவில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

லாரித் தண்ணீர் வீட்டுக்கு நான்கு குடம் என்று ஆனபிறகு கழுநீருக்கும் பஞ்சம். மூன்று முறை அரிசி களைந்தவர்கள் இப்போது ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

"இந்தா, அரைச் சொம்பு. முருங்கக்கீரயும் இதுலதான் அலசுனேன். ஒங்க மகாராணி கோச்சுக்கப் போவுது," என்றார் அத்தை.

மகாராணி கோபித்துக்கொள்ளவில்லை. வாளியின் அடியையும் சேர்த்து நக்கியது.

சம்பா கதிர் விடும் முன்பே காய்ந்துபோனதால் நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை. அப்பா கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டப் போகிறார். மாட்டை விற்றுவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

"பட்டினியா கெட. எனக்கு அரிசி மிச்சம்," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் அம்பலவாணன் மாடு பார்க்க மொபெட்டில் வந்தார். தோளில் புதுக் கயிறு. செவலையின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், வாலைக்கூடத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல மாடுதான். ஆனா நாங்க கடல ஒட்டி இருக்கோம். பம்புல வர்றது பூரா உப்பு. குடிக்குமா?"

"எதக் குடுத்தாலும் குடிக்குங்க. கொழந்த மாதிரி," என்றாள் அம்மா.

வேலிக்கு அந்தப் பக்கம் லூர்தம்மாள் அத்தைக்கு இருமல் வந்தது.

அம்பலவாணன் என் பக்கம் திரும்பினார். "மாட்டப் பாத்துக்கிறது நீதானே? நீ சொல்லு பாப்பா."

அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. கால் மட்டும் நகர்ந்தது. அடிபம்பில் ஒரு வாளி நிறைய அடித்துக் கொண்டுவந்து செவலையின் முன்னால் வைத்தேன்.

"இப்பதாங்க வயிறு முட்டக் குடிச்சுது…" என்று அம்மா ஆரம்பித்தாள்.

செவலை மூக்கை வாளிக்குள் விட்டது. முந்தின நாள் மாலையிலிருந்து அதற்கு ஒரு வாய் கழுநீர்கூடக் கிடைக்கவில்லை. தாகத்தில் குடித்துத் தொலைத்துவிட்டால் என் கதை முடிந்தது.

உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. பிறகு தாடையால் ஒரே தள்ளு. வாளி உருண்டு, அத்தனை உப்புத் தண்ணீரும் அம்பலவாணனின் வெள்ளை வேட்டியில் பாய்ந்தது.

அவர் வேட்டி முனையைப் பிழிந்தார். செவலையைப் பார்த்தார். அம்மாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கயிற்றைச் சுருட்டி வண்டியின் முன்னால் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.