என் குதிரைப் படம்

…இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னால காட்டினது தெளிவா இருந்துச்சா, என்று வாய் கேட்டுக்கொண்டிருக்கிறது, இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வி, அதற்கு நான் தேவையே இல்லை, வாயே பார்த்துக்கொள்ளும். நாற்காலியில் இருக்கிற தையல்காரம்மா "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது தம்பி" என்கிறார், ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வந்தவர், பாவம், நான் அதே லென்ஸையே இரண்டு தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன், அப்புறம் ஒன்றாகத் தெரியாமல் என்ன செய்யும். மன்னிச்சுக்குங்கம்மா, இன்னொரு தடவை பார்ப்போம். புத்தி இங்கே இல்லை, அரை மணி நேரமாக. பின்னறையில், காலி ஃபிரேம் டப்பாக்களுக்கு நடுவே, தேநீரை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு என் சிநேகிதன் டைட்டிலின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து. தேநீர் அப்படியே ஆறிப்போய் அங்கேயே இருக்கிறது. துரோகி. இந்த வார்த்தையை நான் சினிமாவுக்கு வெளியே உபயோகித்ததே இல்லை, வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் வசனம் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் வேறு என்ன வார்த்தை இருக்கிறது இதற்கு?

டைட்டில் என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நான்தான், கல்லூரியில். எழுத்துப் போடுவதற்கு முன்னால் உள்ளே போகாவிட்டால் படமே பார்க்க மாட்டான், வாசலோடு திரும்பி விடுவான், அவனால் நான் பாதி ஊர் நடந்து வீணாகத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. நான் அவனுக்கு நேர்மாறு, எப்போது போனாலும் பார்ப்பேன், ஆனால் இடைவேளையில் எழுந்திருக்க மாட்டேன், என்ன அவசரமாக இருந்தாலும் சரி, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன்டா என்று ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சொல்லிவிட்டேன், சொல்லாமலே இருந்திருக்க வேண்டும். எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது, இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது, இடது பக்கம் அவன் பத்துப் படம், வலது பக்கம் என் பத்துப் படம், வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து திருத்துவோம், ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், எது வெளியே போகிறதோ அதற்காக மற்றவன் வாதாட வேண்டும், அதுதான் சட்டம். ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு தபால்காரன் படத்துக்காக அவன் என்னோடு சண்டை போட்டிருக்கிறான், படகோட்டும் இரண்டு அக்கா தங்கைகள் படத்தை நான் தூக்கினபோது இரண்டு வாரம் பேசவில்லை. கல்யாணத்தில்கூட நாங்கள் இவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போடவில்லை. என் பக்கத்தில் இத்தனை வருஷத்தில் ஒன்பது படங்கள் மாறியிருக்கின்றன, முதலிடம் மட்டும் மாறவே இல்லை, குதிரைப் படம். அதைப் பற்றி மட்டும் அவன் ஒரு நாளும் வாதாடினதில்லை, 'அது உன்னோடது, அதை விடு' என்பான். அது உன்னோடது! அவன் வாயால் சொன்னதுதான்.

இப்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஓய்வு. வீடியோவின் பெயர் 'என் வாழ்நாளின் பத்துப் படங்கள்'. பத்திலிருந்து ஆரம்பித்தான், நன்றாகத்தான் பேசுகிறான், பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு, தாடியை வேறு ஒதுக்கியிருக்கிறான், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஏழாவது படத்துக்கு அவன் சொன்னது வரிக்கு வரி நான் சொன்னது, சரி போகட்டும், அத்தனை வருஷம் பேசினதில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில், பூட்டின வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட திருடன் படம். அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் அவன் பக்கத்தில் எப்போதும் அதுதானே முதலிடம், அதைக் கீழே தள்ளிவிட்டு எதைக் கொண்டுவந்தான், எனக்குத் தெரியாமல், நோட்டில் ஏறாமல்? அப்புறம் கண்ணாடியைக் கழற்றினான். "எனக்கு அப்போ ஒன்பது வயசு. எங்கப்பா என்னை மதியக் காட்சிக்குக் கூட்டிட்டுப் போனார்" என்று ஆரம்பித்தான், எனக்கு முதலில் உறைக்கவே இல்லை, எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது, அவ்வளவு மடையன் நான். கைக்குட்டை வந்த பிறகுதான் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

கைக்குட்டை என்னுடையது. அதாவது என் அப்பாவுடையது. நீலக் கட்டம் போட்டது, ஒரு மூலையில் மை பட்டிருக்கும். முடி வெட்டிக்கொண்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனார், அம்மாவுக்கு சினிமா ஆகாது, அதனால் அது எங்கள் இரண்டு பேருக்குள் ரகசியம், எனக்கு ஒரே குஷி. ஒரு லாரி, அதில் ஒரு நொண்டிக் குதிரை, அதை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. மலையிறக்கத்தில் லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை, குதிரை பின்னால் இருக்கிற பலகையை உதைக்கிறது, அந்த இடத்தில் 'இடைவேளை' என்று போட்டுவிட்டான். அப்பா எழுந்தார், "இங்கயே இரு, வந்துடறேன்" என்றார். எல்லாரும் எழுந்து போகும்போது சீட்டில் கைக்குட்டையோ பையோ போட்டுவிட்டுத்தானே போவார்கள், இடம் போய்விடக் கூடாது என்று, முதலில் நாங்கள் வந்து உட்கார்ந்தபோதுகூட அவர் அப்படித்தான் போட்டு இடம் பிடித்தார். இப்போது அதை எடுத்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார், போனார். ஒன்பது வயதில் எனக்கு அது தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்று கேட்டால் சொல்ல வராது, ஆனால் தெரிந்துவிட்டது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடியான ஆள் வந்து "யாராவது இருக்காங்களா தம்பி?" என்று கேட்டான், நான் இல்லை என்று தலையாட்டினேன், அவன் உட்கார்ந்தான். அந்த ஆளையும் விடவில்லை டைட்டில், அந்தத் தலையாட்டலையும் விடவில்லை, தலையாட்டிக் காட்டினான்பா வீடியோவில், கண்ணில் நீரோடு! அவன் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் காலையில் மகனுக்கு போன் பண்ணி 'சாப்பிட்டியாடா' என்று கேட்கிற மனுஷன். அவரை இவன் ஒரே மதியத்தில் ஓடுகாலி ஆக்கிவிட்டான்.

"அப்புறம் நான் அழுதுகிட்டே வெளியே ஓடினேன், அப்பா அப்பான்னு தெரு முழுக்கத் தேடினேன்" என்று முடித்தான். பொய். யாரும் ஓடவில்லை. இதை மட்டும் நான் அவனிடம்கூடச் சொன்னதில்லை, அதனால் தனக்குத் தோன்றியதைப் போட்டு அடைத்துக்கொண்டான். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாமோ என்னவோ, பஸ் நிலையம் பக்கத்துத் தெருதான். நான் உட்கார்ந்து படம் பார்த்தேன். குதிரை பிழைக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் சிரித்தேன்கூட, லாரிக்காரன் குதிரைக்குப் பாட்டுப் பாடுவான், அங்கே, பக்கத்துத் தடியனோடு சேர்ந்து சத்தமாகச் சிரித்தேன். அதனால்தான் அது முதலிடத்தில் இருக்கிறது, வேறு என்ன செய்ய, அந்தப் படத்தை நான் அவ்வளவு விலை கொடுத்துப் பார்த்திருக்கிறேன், அது நல்ல படமாக இருந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் அனுபவித்தவன் நான், கண்ணாடியைக் கழற்றி அழுகிறவன் அவன்.

கண்ணைத் திறங்கம்மா. மூன்றாவது வரியைப் படிங்க. படிக்கிறார், ஒரு எழுத்து விட்டுப் படிக்கிறார். வீடியோ முடிந்த கையோடு 'அது யார் கதை?' என்று மட்டும் அவனுக்கு அனுப்பினேன், உடனே குரல் செய்தி வந்தது, குரலில் ஒரு கூச்சம்கூட இல்லை. "டேய், கோவிச்சுக்காதடா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீ சத்தியம் வாங்கினேல்ல? நான் உன் பேரை மூச்சுகூட விடலையே! உன் கதைன்னு சொன்னாதானே தப்பு? அதான் என் கதைன்னே சொல்லிட்டேன். சனங்க எப்படி அழுதிருக்காங்கன்னு கீழ போய்ப் பாரு, உனக்கே சந்தோஷமா இருக்கும்." இப்படி ஒரு நியாயத்தை எந்த வக்கீலாவது சொல்லியிருப்பானா? சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறானாம். கீழே போய்ப் பார்த்தேன். 'அண்ணா, உங்களைக் கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருக்கு' என்று ஒரு பெண். 'அந்தக் கைக்குட்டையை மறக்கவே முடியாது சார்' என்று ஒரு பள்ளி ஆசிரியர். எல்லாம் அவனுக்கு. நானும் எழுதினேன், 'இவர் அப்பா உயிரோடு, வீட்டோடு, நன்றாக இருக்கிறார். சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்.' எழுதிவிட்டு அனுப்பப் போகும்போதுதான் முதலாளி கதவைத் தட்டி, ஆள் காத்திருக்கிறார் என்றார். அது அப்படியே இருக்கிறது, சட்டைப் பையில், தையல்காரம்மா எழுந்து போனதும் ஒரு விரல்தான், நாளைக்குள் அவன் மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு ஒளிய வேண்டியிருக்கும்.

தையல்காரம்மா ஃபிரேம் பார்க்க வெளியே போனார். போனை எடுத்தேன். எடுத்த கையிலேயே அடித்தது, என் அம்மா. தங்கை வீட்டில் இருக்கிறாள், மதியம் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. என்னம்மா, உடம்பு சரியில்லையா என்றேன்.

"உடம்புக்கு என்னடா. உன் சிநேகிதன் பேசினதைத் தங்கச்சி போட்டுக் காட்டினா. நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். தெரிந்துவிட்டதா, எப்படித் தெரியும், தெரியாது, அன்றைக்குப் படத்துக்குப் போனதே அவளுக்குத் தெரியாதே.

"நம்ம வீட்ல எத்தனை தடவை வந்து சாப்பிட்டிருக்கான், ஒரு வார்த்தை சொன்னதில்லைடா. ஒன்பது வயசுப் பிள்ளையை இருட்டுல தனியா உக்கார வெச்சிட்டு எழுந்து போக எப்படிடா மனசு வந்துச்சு அந்த ஆளுக்கு? கைக்குட்டையைக்கூட எடுத்துக்கிட்டானாம்டா…" குரல் உடைந்தது. என் அம்மா அழுது நான் கேட்டதில்லை. அப்பா போன அன்றைக்கும் அழவில்லை, அடுத்த மாதமும் அழவில்லை, எங்களுக்குத் தெரிய ஒரு நாளும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "உங்கப்பாவும்தான் போனாரு. ஆனா உன்னைத் தெருமுனை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுத்தானே போனாரு. பிள்ளை பத்திரமா வீடு சேரணும்னு நினைச்சாரில்ல? அந்த ஒண்ணுக்காகத்தான்டா நான் இன்னிவரைக்கும் அவரை ஒரு சொல்லு சபிச்சதில்லை."

தெருமுனை. அது நான் கட்டினது. படம் விட்டதும் தனியாக நடந்து வந்தேன், நடக்க நடக்க யோசித்தேன், படம் என்று சொன்னால் அப்பா போன பிறகு நீ என்ன செய்தாய் என்று கேட்பாள், பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும், சிரித்ததையும் சொல்ல வேண்டும், அதெல்லாம் முடியாது. முடி வெட்டுகிற கடையில் கூட்டம், அப்பா என்னை முனையில் விட்டுவிட்டு வேலை இருக்கிறது என்று போனார், இதுதான் நான் சொன்னது, 'தலையைத் தடவிவிட்டுப் போனார்' என்று ஒரு பிட்டு வேறு கூடச் சேர்த்தேன். அவ்வளவுதான், மறந்தும் போனேன். முப்பத்தேழு வருஷமாக அவள் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாமல், அந்தத் தடவலை.

"கேக்கறியாடா?" என்றாள். கேட்கிறேன் என்றேன். "அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தா, நானே ஓடிப்போய் அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வந்திருப்பேன். ஒன்பது வயசுன்னா என்ன, தூக்கியிருப்பேன். எப்படிப் பயந்துச்சோ, என்ன பசியோ… அவன்கிட்ட சொல்லுடா, அம்மா அழுதான்னு சொல்லு. வீட்டுக்கு வரச் சொல்லு."

வாயைத் திறந்தேன். அம்மா, அது… என்று இரண்டு சொல் போதும். தங்கை வீட்டு வராந்தாவில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். வெளியே தையல்காரம்மா ஏதோ ஒரு ஃபிரேமைப் போட்டுப் பார்த்து, இது முகத்துக்குச் சரியா இருக்கா என்று முதலாளியைக் கேட்கிறார், அவர் எல்லாருக்கும் சொல்கிற பதிலைச் சொல்கிறார். "சொல்றேன்மா" என்றேன். சரி வைக்கட்டுமா என்று நான் கேட்க வேண்டிய நேரம் அது, எப்போதும் நான்தான் கேட்பேன், கடையில் ஆள் இருக்காங்கம்மா என்று. கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண் பரிசோதனை நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அவள் அந்தப் பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்தாள், இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்று இருந்தது எனக்கு.