அமெரிக்க மைனர்

எங்கள் குடும்பத்தில் மைனர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தலையில் எண்ணெய் மினுங்க, சட்டையில் சென்ட் மணக்க, வேலைவெட்டி இல்லாமல் தெருவை அளக்கிற ஆள். அதனால் கல்லூரியில் புள்ளியியல் மேஜர், துணைப்பாடமாக அமெரிக்கப் பண்பாடும் சமுதாயமும் மைனர் என்று நான் சொன்னபோது, மோட்டார் பழுதுபார்க்கும் அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் படிப்பு முடிந்தால் நான் நிஜமாகவே அப்படி ஆகிவிடுவேனோ என்று பயந்தாள். மாமா மட்டும் அப்போ விசாவையும் அவர்களே கொடுத்துவிடுவார்களா என்று கேட்டார்.

விசாவாவது ஒன்றாவது. அந்த மைனருக்கென்று ஓர் அறைகூடக் கிடையாது. வரலாற்றுத் துறையில் ஒரு பாடம், இலக்கியத்தில் ஒன்று, பொருளியலில் ஒன்று, சமூகவியலில் ஒன்று. பல துறைகளை இணைக்கும் படிப்பு என்று கையேட்டில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். பாடங்களைத்தான் இணைத்தார்கள். எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும், முதலாண்டிலிருந்தே கூடிக் கும்மாளம் போட்டு, சண்டை போட்டு, சமாதானமான ஒரு கூட்டம் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டில் சிலர் இருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். நான் அந்த ரகம்.

சொந்தத் துறையிலாவது ஒட்டினேனா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில் எனக்கு அமெரிக்கா இருந்தது. நான் திரும்பி வரும்போது டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று எங்கள் புள்ளியியல் பேராசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவர் சொன்னது பலித்ததுதான் எரிச்சல்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருந்தேன். சாயங்காலம் அம்மா போன் செய்து கூட்டாளிகள் இருக்கிறார்களா என்று கேட்பாள். நிறைய என்பேன். ஒரு நாளைக்கு அவர்களை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்வாள். பார்க்கலாம் என்பேன். சனி, ஞாயிறு கடையும் மூடியிருக்கும், மெஷின் சத்தமும் இருக்காது. திங்கட்கிழமை பஸ்ஸில் இறங்குமிடம் சொல்ல வாயைத் திறந்தால் குரல் பிசிறடிக்கும். அப்போதுதான் இரண்டு நாளாக யாரிடமும் முகம் பார்த்துப் பேசவில்லை என்பது உறைக்கும்.

அந்த நிலையில் சமூகவியல் மேடம் எனக்குக் கொடுத்த கருத்தரங்கத் தலைப்பு, அமெரிக்க சமுதாயத்தில் தனிமை. கண்டிப்பாக நன்றாகப் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மதிப்பெண்ணுக்காக இல்லை. முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். நன்றாகப் பேசினால் வா, போகலாம் என்று ஒருவராவது கூப்பிடமாட்டார்களா என்ற நப்பாசைதான்.

எண்களோடு ஆரம்பித்தேன். புள்ளியியல்காரனுக்கு வேறென்ன வரும். கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அது பக்கத்து வாய்க்குத் தொற்றியது. உடனே எண்களை ஓரங்கட்டிவிட்டு, அமெரிக்க நகரம் ஒன்றில் படிக்கும் ஒரு மாணவனின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவனை எங்கே பிடித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடையை மட்டும் சலவைக் கடையாக மாற்றினேன். அவனுடைய அம்மாவின் போன், மூடிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை, பிசிறடிக்கும் குரல், ஒன்றையும் விடவில்லை. வகுப்பு அசையாமல் கேட்டது. எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

முதலில் பேசியது லீடர். சமூகவியல் மாணவர்களின் வகுப்புத் தலைவி. மேடம்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். நல்ல பெண். அவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரையோடு போய் நிற்பாள்.

"பாவம். நம்ம கிளாஸ்ல இப்படி ஒருத்தன் இருந்தா நாம சும்மா விட்டுருவோமா?" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் குடும்பம் என்பதே கிடையாது என்று ஒருவன் தீர்ப்புச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா தப்பு அவன் மேலயும் இருக்கு. அவனாப் போய்ப் பேசியிருக்கலாம்ல?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"பேசினான்," என்றேன். "போன வாரம் கிளாஸ்ல, பெஞ்சு ஓரத்துல இருந்த பொண்ணுகிட்ட இங்க உக்காரலாமான்னு கேட்டான். ஆள் வராங்கன்னு சொன்னாங்க. பின்னாடி போய் உக்காந்துட்டான். கிளாஸ் முடியுற வரைக்கும் அந்த இடத்துல அவங்க பைதான் இருந்துச்சு."

அமெரிக்காவிலும் பெஞ்சில் இடம் பிடிக்கிறார்களா என்று யாரோ கேட்க, வகுப்பு சிரித்தது. லீடர் சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. மேடம் தகவல் அருமை, எழுதித் தரும்போது எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வகுப்பை முடித்தார்.

கூட்டம் டீ குடிக்கக் கிளம்பியது. நான் புரொஜெக்டர் வயரை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினேன். லீடர் கடைசியாக எழுந்து வாசலில் நின்றாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கூப்பிடு, கூப்பிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். வெளியிலிருந்து தோழி குரல் கொடுத்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டாள். அவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அடுத்த வாரம் அந்த இடத்தில் பை இருக்காது. அவளே தள்ளி உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவாள், அப்படிப்பட்ட பெண்தான். என்மேல் உள்ள பிரியத்தால் இல்லை, நான் சொன்ன அந்த அமெரிக்கனைப் பாவம் பார்த்து. ரோஷமுள்ளவன் அந்த இடத்தில் உட்காரமாட்டான். நான் உட்காருவேன்.