முழங்காலுக்குள் முருகைக்கல்

பேசாலையில் கடலட்டைக்குச் சுழியோடிய காலத்தில் சீமோன் சுறாவுக்குக்கூடப் பயந்ததில்லை. அவன் பயந்தது கடலடியில் கிளைவிட்டு வளரும் பவளப்பாறைக்கு, முருகைக்கல்லுக்கு. காலில் கீறினால் புண் லேசில் ஆறாது. அவனுடைய மாமா ஒருவருக்கு அப்படிக் கீறிய கால் அழுகி, முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பனிக்காலத்தில், புலம்பெயர்ந்து வந்திருந்த மோர்னிங்சைட்டில் வீதியைக் கடக்கையில் கார் ஒன்று வழுக்கி வந்து அவனை மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, உள்ளே பொந்து விழுந்துவிட்டது. பொந்தை எதையோ வைத்து அடைத்துத் தகடு பூட்டினார்கள். ஆங்கிலம் தெரிந்த மனைவி பிரதீபா, "எலும்பு வளர மருந்துக்கல் வைச்சிருக்கினம்" என்றாள்.

வீட்டுக்குக் கட்டு மாற்ற வந்த நேர்ஸ் "கோரல்" என்று சொல்லி, கையால் அலையடித்துக் காட்டினாள். சீமோனுக்கு விளங்கிவிட்டது. அவள் போனதும் மனைவியைக் கேட்டான்.

"முருகைக்கல்லோ வைச்சவங்கள்?"

பிரதீபா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "ஓம். சொன்னால் நீங்கள் விடமாட்டியள். வைக்காட்டி எலும்பு உள்ளுக்கை இறங்கிப் போகும் எண்டு டொக்டர் சொன்னவர்."

அன்றிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை. கல் உள்ளே கிளைவிட்டுத் தசையைக் கிழிப்பதுபோல இருந்தது. ஒரு கிழமைக்குள் தையல் சிவந்து, காய்ச்சலும் காய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று போர்வையால் மூடிக்கொண்டு கிடந்தான். பிரதீபா போர்வையை இழுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக ரக்சிக்கு ரெலிபோன் அடித்தாள்.

டொக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படம் வரும்வரை சீமோன் செபம் சொல்லப் பார்த்தான்; பாதியில் மறந்துபோயிற்று.

"தையலிலைதான் கிருமியாம், உள்ளுக்கை போகேல்லை," என்றாள் பிரதீபா. "இன்னும் பிந்தியிருந்தால் எல்லாத்தையும் தோண்டி எடுக்க வேண்டி வந்திருக்குமாம்."

"அது வளருமோ எண்டு கேள்."

கேட்டாள். அது சூட்டில் பதப்படுத்திய, உயிரில்லாத கல் என்றார் டொக்டர். அதன் துளைகளுக்குள் அவனுடைய எலும்புதான் மெல்ல மெல்ல வளரும், மாதக்கணக்காகும்.

"நீ கூட்டிக் குறைச்சுச் சொல்லேல்லையே?"

"இல்லை. மாமாவின்ரை காலை நானும் பாத்தனான். ஒப்பரேசன் முடியுமட்டும் வெளியிலை அதையேதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அவளுடைய கையை அப்போதுதான் பிடித்துப் பார்த்தான். சில்லிட்டிருந்தது.

டொக்டர் தந்த குளிசையில் காய்ச்சல் விட்டது. கோடையில் எடுத்த படத்தில் கல்லுக்குள் எலும்பு ஏறியிருந்தது. தடியில்லாமல் நடக்கத் தொடங்கினான். குளிக்கும்போது மட்டும் அந்த இடத்தில் சவர்க்காரம் போட அவன் கை போகாது. பிரதீபாதான் போட்டுவிடுவாள்.